கம்பி வழி ஊர்ந்த பூச்சிகள்

நேயர்களே, வரலாறு என்றதும் முடியுடை மன்னரும் அவர் நடத்திய போர்களும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. பாடப் புத்தகங்கள் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. ஆயினும் மக்கள் எதனை உண்டனர், எதனைப் பாடினர், அவர்தம் பிள்ளைகள் எதை வைத்து விளையாடினர் என்பனவும் வரலாற்றுக்கு உரிய பொருள்களே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் ஜப்பான் நாட்டில் விற்பனைக்கு வந்த ஒரு கையடக்க வீடியோ விளையாட்டின் கதை. 'பாக்கெட் மான்ஸ்டர்ஸ்' என்பது அதன் பெயர். சட்டைப் பைக்குள் அடங்கும் விந்தை விலங்குகள் என்று பொருள் கொள்ளலாம். அப்பெயரே சுருங்கிப் 'போகிமான்' என உலகெங்கும் வழங்கலாயிற்று.

இதனை அறியாத மாணவர் இரார். ஆனால் உங்களுள் பெரும்பாலோர் இதனைத் தொலைக்காட்சித் தொடராகவே முதலில் அறிந்திருப்பீர்கள். தொடருக்கு முன்னரே விளையாட்டு இருந்தது. அவ்விளையாட்டின் கருத்து ஒன்று, தொடரின் கருத்து மற்றொன்று. இரண்டும் மோதிய இடமும் பின்னர் இணைந்த இடமுமே என் பேச்சின் பொருள்.

ஜப்பானியர் பூச்சிகளின்பால் கொண்ட பற்று மிகப் பழையது. இசைக்கும் பூச்சிகளைச் சிறு கூண்டில் அடைத்து அவற்றின் ஒலியைக் கேட்டு மகிழும் வழக்கம் அந்நாட்டு அரசவையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. பின்னர் எடோ காலத்து நகரங்களில் பூச்சி விற்பதையே தொழிலாகக் கொண்டோரும் திரிந்தனர். நம் காலத்திலோ, கோடை விடுமுறையில் வண்டுகளையும் பட்டாம்பூச்சிகளையும் பிடித்து, வகைப்படுத்திப் பெயரெழுதிப் பள்ளிக்குக் கொண்டு செல்வது அந்நாட்டுச் சிறுவர்களுக்குப் பழகிய வேலை. பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைத்து, இலை தின்னக் கொடுத்து வளர்த்த நேயர்களுக்கு இந்த இன்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

தோக்கியோ மாநகரின் மேற்குப் புறத்தே மச்சிதா என்றோர் ஊர் உண்டு. 1965-இல் பிறந்த சத்தோஷி தஜிரி என்பவர் அங்கு வளர்ந்தார். வயலும் குளமும் சிறு காடும் அப்போது அவ்வூரில் இருந்தன. பூச்சிகளில் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கண்டு பிற சிறுவர் அவரைப் பூச்சி டாக்டர் என்றே அழைத்தனராம். ஏனைய பிள்ளைகள் மரப்பட்டையில் தேன் தடவி வண்டு வருமா என்று காத்திருந்தபோது, இவர் மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார். வண்டுகள் பகலில் கல்லின் கீழ்த் துயில விரும்பும் என்பதை அவர் கண்டறிந்திருந்தார். காலையில் கல்லைப் புரட்டினால் வண்டு கிடைக்கும். உயிரினத்தின் இயல்பை அறிந்து அதற்கேற்ற சூழ்ச்சி செய்யும் இந்த அறிவு, பிற்காலத்தில் அவர் செய்த விளையாட்டில் எத்துணைப் பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தஜிரியின் இளமைக் காலம் தோக்கியோ பெருகிய காலம். மச்சிதாவின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய தாமா புதுநகரில் 1971 முதல் மக்கள் குடியேறினர். வயல்கள் வீட்டு மனைகளாயின, குளங்கள் தூர்க்கப்பட்டன. பூச்சிகள் ஆண்டுதோறும் அருகின. மீன் பிடித்த குளம் ஒன்று இருந்த இடத்தில், காசு போட்டு ஆடும் மின்பொறி விளையாட்டு நிலையம் எழுந்ததைத் தஜிரியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். குளத்தை இழந்த சிறுவன் அக்குளத்தின்மேல் எழுந்த நிலையத்திற்கே வாடிக்கைக்காரன் ஆனான் என்பது வரலாற்றின் குறும்பு. 1978-இல் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அவரை ஆட்கொண்டது. 1983-இல் அவர் தம் கையாலேயே எழுதி, படியெடுத்து, கம்பியூசி தைத்து, 'கேம் ஃப்ரீக்' என்றொரு சிற்றிதழை வெளியிட்டார். விளையாட்டுகளில் மறைந்துள்ள நுட்பங்களை அது எடுத்துரைத்தது. அவ்விதழைக் கண்டு வந்து சேர்ந்த ஓவியர் கென் சுகிமோரி. வெளிவரும் விளையாட்டுகளில் நல்லவை சிலவே என்ற முடிவுக்கு வந்த இவ்விளைஞர்கள், குறை கூறுவதைவிடத் தாமே செய்து பார்ப்பது மேல் என்று துணிந்தனர். 1989-இல் அச்சிற்றிதழின் பெயரே ஒரு நிறுவனத்தின் பெயராயிற்று.

அதே ஆண்டு ஏப்ரல் 21-இல் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை ஜப்பானில் வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் கும்பெய் யோகோய். பழகித் தேய்ந்த மலிவான தொழில்நுட்பத்தையே எடுத்து, எவரும் எண்ணாத வகையில் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் கேம் பாய்க்கு வண்ணத்திரை இல்லை. நான்கு நிழற்சாயல்களே உண்டு. போட்டி நிறுவனங்கள் வண்ணத்திரையோடு வந்தும், விலையிலும் பாட்டரிச் செலவிலும் அதனோடு ஈடுகொடுக்க இயலவில்லை. அக்கருவியின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருந்தது. அதில் கம்பி ஒன்றைச் செருகி, மறுமுனையை வேறொரு கருவியில் செருகினால் இருவர் ஒருங்கே ஆடலாம். அக்காலத்தில் அக்கம்பியை எல்லோரும் போட்டிக்கே பயன்படுத்தினர். இவன் அடுக்கும் கட்டைகள் அவனுக்கு இடையூறாகும், அவ்வளவே.

தஜிரி அக்கம்பியை நோக்கியபோது வேறொன்றைக் கண்டார். அதன்மேல் ஒரு பூச்சி இக்கருவியிலிருந்து அக்கருவிக்கு ஊர்ந்து செல்வதாக அவர் மனக்கண்ணில் தோன்றிற்று. கம்பி, மோதுவதற்கு மட்டுமன்றிக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் பயன்படலாகாதா? இவ்வெண்ணத்திற்கு மற்றொரு நிகழ்ச்சியும் உரமிட்டது. 'டிராகன் குவெஸ்ட்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் இரண்டாம் பகுதியை அவரும் சுகிமோரியும் தனித்தனியே ஆடினர். கிடைத்தற்கரிய மாயத்தொப்பி ஒன்று அதில் உண்டு. சுகிமோரிக்கு அது இரண்டு கிடைத்தது. தஜிரிக்கு ஒன்றேனும் கிடைக்கவில்லை. நண்பனிடம் மிகையாக உள்ளது; தமக்கு இல்லை; ஆயினும் வாங்கிக்கொள்ள வழி இல்லை! இந்தச் சிறு ஏமாற்றத்தைப் பெரியதாக எண்ணியதே அவருடைய தனிச்சிறப்பு என்பேன்.

1990-இல் 'காப்ஸ்யூல் மான்ஸ்டர்ஸ்' என்ற பெயரில் திட்டத்தை எழுதி நின்டெண்டோவிடம் கொடுத்தனர். 1967-இல் தொடங்கிய 'அல்ட்ரா செவன்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் வீரன், சிறு குப்பிகளில் விலங்குகளை வைத்திருந்து வேண்டும்போது வெளிவிடுவான். அந்நினைவும் இதில் கலந்திருந்தது. பெயரை உரிமைச் சிக்கலால் மாற்ற நேர்ந்தது. பெயரை மாற்றுதல் எளிது; விளையாட்டை முடித்தலோ அரிதாயிற்று. ஓராண்டில் முடியும் என எண்ணியது ஆறாண்டு நீண்டது. இடையே பணம் வற்றியது. ஆட்கள் சிலர் விலகினர். தஜிரி தமக்கு ஊதியம் எடுத்துக்கொள்ளாமல் தந்தையார் ஆதரவில் காலம் கழித்தார் என்று அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். நிறுவனம் பிழைத்திருக்க வேண்டிப் பிற விளையாட்டுகளைச் செய்து கொடுத்தனர். சுனெகசு இஷிஹாரா என்பவர் துணைநின்று உழைப்பும் உதவியும் நல்கினார். நின்டெண்டோவின் புகழ்பெற்ற கலைஞர் ஷிகெரு மியாமோட்டோ அறிவுரை வழங்கினார். விளையாட்டு ஒருவாறு முடிந்தபோது கேம் பாய் ஏழாண்டுப் பழமை எய்திவிட்டது. பளபளக்கும் புதிய பொறிகள் கடைகளை நிறைத்திருந்தன. சாகப்போகும் கருவி என்று பலர் கைவிட்ட ஒன்றுக்கு இவர்கள் ஆறாண்டு உழைப்பைச் செலவிட்டிருந்தனர்.

விளையாட்டின் அமைப்பை இனிச் சுருங்கக் கூறுவேன். ஊரைவிட்டு முதன்முறை புறப்படும் சிறுவன் ஒருவனுக்கு, ஒரு பேராசிரியர் மூன்று விலங்குகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அதனைத் துணைக்கொண்டு அவன் நெடும்புல் மண்டிய வழிகளில் நடக்கிறான். புல்லில் புதிய விலங்குகள் எதிர்ப்படும். தன் விலங்கால் அதனைத் தளரச் செய்து, பந்து ஒன்றை எறிந்து அதனுள் பிடிக்க வேண்டும். மீன் வாழ்வது நீரில், வண்டு வாழ்வது காட்டில், வௌவால் வாழ்வது குகையில். இடமறிந்து தேடாதவனுக்கு எதுவும் அகப்படாது. மரத்தடியில் கல்லை வைத்த சிறுவனை இங்கே காண்கிறோம். போரில் தோற்ற விலங்கு மயங்குமேயன்றி இறப்பதில்லை. இதனைத் தஜிரி மனமறிந்தே இவ்வாறு வைத்தார். பிடித்தவற்றைப் பட்டியலிட்டு ஏட்டை நிறைவு செய்வதே பேராசிரியர் இட்ட பணி.

இங்கேதான் அவருடைய நுட்பம் உள்ளது. அந்த ஏட்டைத் தனியொருவன் நிரப்பவே இயலாது! விளையாட்டு 'சிவப்பு', 'பச்சை' என இரண்டு கேசட்டுகளாக வந்தது. கதை ஒன்றே, கிடைக்கும் விலங்குகளில் மட்டும் வேறுபாடு. கும்பிடுபூச்சி போன்ற ஒன்று சிவப்பில் மட்டுமே கிட்டும். கொம்பு வண்டு போன்ற ஒன்று பச்சையில் மட்டுமே கிட்டும். தொடக்கத்தில் காட்டப்பெற்ற மூன்றில் ஒன்றை எடுத்தவன் மற்ற இரண்டையும் பிறரிடமே பெற வேண்டும். நான்கு விலங்குகள், கம்பி வழியே கைமாறினால் மட்டுமே முழு வளர்ச்சி பெறும். கம்பியோ குட்டையானது; ஆகவே இருவரும் தோளோடு தோள் சேர அமர்ந்தாக வேண்டும். கைமாறிய விலங்கின்மேல் அதனை முதலில் பிடித்தவன் பெயர் அழியாமல் நிற்கும். அவ்விலங்கு புதியவனிடம் விரைந்து வளரும். ஆனால் புதியவன் போதிய வெற்றிச் சின்னங்களைப் பெறாதவனாயின், அவன் சொல்லைக் கேளாமல் திரும்பிக்கொள்ளும். நட்பு, கடன், பெருமிதம், பிணக்கு ஆகிய அனைத்தும் இந்த ஒரு விதியினுள் அடங்கியிருப்பதைக் கண்டு நான் வியப்பதுண்டு. பொருளியல் ஆசிரியர் பண்டமாற்று முறையைப் பாடமாக நடத்துவதைக் காட்டிலும், இரண்டு சிறுவர் ஒரு கம்பியோடு அரைமணி அமர்ந்திருப்பதைக் காட்டினால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

விற்பனை முதலில் ஆரவாரமின்றியே தொடங்கிற்று. ஆயினும் பிற விளையாட்டுகளைப்போல் சில வாரங்களில் ஓயாமல், ஒரு பிள்ளையிடமிருந்து மறு பிள்ளைக்குப் பரவி வளர்ந்தது. அதற்குத் துணையான செய்தி ஒன்று உண்டு. விளையாட்டு முடியும் தறுவாயில், சோதனைக்காக வைத்திருந்த சில பகுதிகளை நீக்கியபோது ஏறத்தாழ 300 பைட் இடம் மிஞ்சியது. ஷிகெகி மொரிமோட்டோ என்பவர் அச்சிற்றிடத்தில் 'மியூ' என்னும் விலங்கை ஒளித்து வைத்தார். கிடைப்பதற்கு வழியில்லாத 151-ஆம் விலங்கு அது. எதிர்பாராத பிழைகளால் சில பிள்ளைகளின் கருவியில் அது தோன்றவும் வதந்தி நாடெங்கும் பரவியது. 'கோரோகோரோ' என்னும் சிறுவர் இதழ், 20 பேருக்கு மியூவை வழங்குவதாக 1996-இல் அறிவித்தது. விண்ணப்பித்தோர் 78,000 பேர்! சிவப்பும் பச்சையும் பின்னர் வந்த நீலமும் சேர்ந்து ஜப்பானில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன.

தொலைக்காட்சி இதன் பின்னரே வருகிறது. 1997-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் தோக்கியோ நிலையம் ஒன்று இதனைத் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. குனிஹிகோ யுயாமா இயக்கினார். தாகேஷி ஷுடோ கதைப்பொறுப்பை ஏற்றார். இவர்களுக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. விளையாட்டில் தலைவன் என்று ஒருவன் இல்லை. ஆடும் ஒவ்வொரு பிள்ளையுமே தலைவன். மூன்று விலங்குகளில் எதைத் தொடர் எடுத்தாலும் மற்ற இரண்டைத் தேர்ந்த பிள்ளைகள் முகம் வாடுவர். எனவே அம்மூன்றும் அல்லாத ஒன்றை, ஆத்சுகோ நிஷிதா வரைந்த மஞ்சள் நிற மின்னல் எலியாகிய பிகாச்சுவைத் தேர்ந்தனர். விளையாட்டில் அது காட்டில் அருகித் திரியும் பல விலங்குகளுள் ஒன்றே. தொடரிலோ, உறங்கிப்போய்க் காலந்தாழ்த்தி வந்த சிறுவனுக்கு எஞ்சிக் கிடைத்த விலங்காக அது வருகிறது. பந்துக்குள் புக மறுத்து, அவன் தோள்மேலும் அவன் பக்கத்திலும் நடக்கிறது. சிறுவனின் பெயர் சத்தோஷி. அது தஜிரியின் பெயர். அவனுடைய போட்டியாளனுக்கு ஷிகெரு என்று மியாமோட்டோவின் பெயரை வைத்திருந்தனர்.

விளையாட்டும் தொடரும் எங்கே பிரிந்தன என்பதை ஒரு நிகழ்ச்சியால் காட்டுவேன். தொடர் தொடங்கிய சில மாதங்களில், கப்பல் ஒன்றில் நடப்பதாக ஒரு பகுதி வந்தது. சத்தோஷி தான் புழுவாகப் பிடித்து வளர்த்த வண்ணத்துப்பூச்சியை, கனவான் ஒருவரின் பெருச்சாளி போன்ற விலங்கிற்கு மாற்றாகக் கொடுத்துவிடுகிறான். கொடுத்த கணமே அவன் மனம் வருந்துகிறது. முடிவில் கெஞ்சி, மாற்றியதை மீண்டும் மாற்றிக்கொள்கிறான். கம்பி வழியே கொடுத்து வாங்குதலையே உயிராகக் கொண்ட விளையாட்டிலிருந்து பிறந்த தொடர், கொடுத்தலைத் துயரமாகக் காட்டிற்று! இதைக் குறை என்று நான் கூறேன். கதைக்குப் பிரிவு வேண்டும். பிரிவு நோவாதாயின் கதையில்லை. விளையாட்டுக்கோ கைமாற்றம் வேண்டும். கைமாற்றம் நொந்தால் விளையாட்டில்லை. ஒன்று 'கொடு' என்றது. மற்றொன்று 'பிரியாதே' என்றது.

தொடரின் புகழ் உச்சத்தில் நின்றபோது பெரும் இடுக்கண் நேர்ந்தது. 1997-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் மாலை ஒளிபரப்பான 38-ஆம் பகுதியில், வெடிப்பைக் காட்டுதற்காகச் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறையளவில் மாறி மாறித் திரையில் பளிச்சிட்டன. பார்த்திருந்த பிள்ளைகள் பலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் ஏற்பட்டன. சிலருக்கு வலிப்பு கண்டது. அன்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் 685 பேர். பெரும்பாலோர் விரைவில் தேறினர். தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டு, 1998 ஏப்ரல் 16-இல் மீண்டும் வந்தது. ஒளி எவ்வளவு விரைவாகச் சிமிட்டலாம் என்பதற்கு ஜப்பானிய ஒளிபரப்பாளர் வரையறை வகுத்துக்கொண்டனர். மாணவர்கள் இதனை வேடிக்கைச் செய்தியாகக் கொள்ளலாகாது. வீட்டு அறையில் தனியே அமர்ந்த பல்லாயிரம் குழந்தைகளை ஒரே நொடியில் ஒரே ஒளி சென்று தாக்குகிறது என்பதன் பொருளை அன்றுதான் பலர் உணர்ந்தனர். குட்டைக் கம்பியால் ஒருபோதும் செய்யவியலாத செயல் அது. மற்றொன்றும் உண்டு: அப்பகுதியில் பளிச்சிட்டது பிகாச்சுவின் மின்னல், ஆனால் தலைப்பில் பெயர் இருந்த பாவத்திற்காகப் போரிகோன் என்னும் விலங்கே அதன்பின் தொடரில் தலையெடுக்க முடியாமல் ஒதுக்கப்பட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான் போலும்.

1998 செப்டம்பர் 12-இல் நான்காவது கேசட் வெளிவந்தது. அதன் நிறம் மஞ்சள். அவ்வாண்டு செப்டம்பரிலேயே அமெரிக்காவில் தொடரும் விளையாட்டும் அடுத்தடுத்து இறங்கின; அங்குப் பிள்ளைகள் இரண்டையும் ஏறத்தாழ ஒருங்கே கண்டனர். ஆனால் ஜப்பானில் மஞ்சள் கேசட், தந்தை மகனிடம் கற்றுக்கொண்டது போன்ற ஒரு நிகழ்ச்சி. மூன்று விலங்குகளைத் தேர்வு செய்யும் தொடக்கம் போயிற்று; பிகாச்சுவே கிடைக்கும். அது பந்துக்குள் இராமல் பின்னாலேயே நடந்துவரும். திரும்பி நின்று பேசினால் அதன் முகம் பெரியதாகத் தோன்றி, மகிழ்ச்சியோ சினமோ சலிப்போ காட்டும். பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சென்றால் அதன் அன்பு குறையும். தொடரில் வரும் கள்வர் இணையரும் இங்கே எதிர்ப்படுவர். அவர்கள் வைத்திருக்கும் பாம்பும் பூனையும் இக்கேசட்டில் வேறெங்கும் பிடிக்கக் கிடையா. அவற்றைப் பெறப் பழையபடி கம்பியையே நாட வேண்டும். இதனை வெறும் வாணிக உத்தி என்போர் உளர். வாணிகம் இதில் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எனினும், 'பிரியாதே' என்ற தொடரின் குரலையும் 'கொடு' என்ற விளையாட்டின் குரலையும் ஒரே கேசட்டுக்குள் வைக்க முயன்றவர்களின் திறத்தை வாணிகம் என்ற ஒரு சொல்லால் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

அம்முயற்சி எங்கே முழுமை பெறுகிறது என்றால், இடிக்கல் என்னும் ஒரு பொருளில். பிற கேசட்டுகளில் அக்கல்லைப் பிகாச்சுவுக்குக் கொடுத்தால் அது வளர்ந்து பெருவடிவம் எய்தும். மஞ்சள் கேசட்டின் பிகாச்சு, தொடரில் வருவதைப் போலவே, கல்லைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எத்தனை முறை கொடுத்தாலும் ஏற்பதில்லை. அப்பெருவடிவத்தைத் தன் ஏட்டில் எழுத விரும்பும் சிறுவன், சிவப்போ பச்சையோ வைத்திருக்கும் தோழனைத் தேடிச் சென்று, அவனருகே அமர்ந்து கம்பியைச் செருகி, இதுகாறும் தன்னைப் பிரியாமல் நடந்துவந்த பிகாச்சுவை அவனுக்குக் கொடுக்க வேண்டும். தோழன் கையில், தோழன் கொடுக்கும் கல்லை அது மறுப்பதில்லை.